கரோசியே விழாது

தென்னைக்கும் கரோசியேப் பனைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் எங்கள் மலையில் அதிகம். அது அவர்கள் குற்றமில்லை, நீதிபதி ஐயா. கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிளவுபடாத இலை, புல்லைவிடக் கொஞ்சம் அகலம். களை கொத்துகிறவன் அதன் முன்னால் நின்று யோசிப்பானா? கொத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வளர்ந்த பிறகு சிரமமில்லை. ராஜபனைக்கு உச்சியில் பச்சைக் கழுத்து இருக்கும். தென்னைக்கு அடி பருத்திருக்கும், உடம்பு வளையும். கரோசியேவுக்குக் கழுத்தும் கிடையாது, அடியும் பருக்காது. காய்ந்த பாளை மட்டும் மரத்தோணி மாதிரி கீழே விழுந்து கிடக்கும். காய் கோழிமுட்டையைவிடச் சிறியது, பருப்பு தேங்காய் ருசி. ஹெய்ட்டியின் இந்தத் தென்கோடியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்த மரம் இல்லை.

அதை அடையாளம் காட்டுவதுதான் என் வேலை. செடிகொடி ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் நான்தான் மலைக்குக் கூட்டிப் போவேன். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய், இதைக் கொத்தாதீர்கள், அதை வெட்டாதீர்கள் என்று சொல்லுவேன். சரி ஒனெல், சரி ஒனெல் என்பார்கள். அடுத்த முறை போனால் கன்று இருந்த இடத்தில் பன்றி கட்டியிருக்கும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

என் அக்கா இம்மாகுலாவின் வீடு ஓடைக்கரையில் இருந்தது. அத்தான் கரும்பு வெட்ட எல்லை தாண்டிப் போனவர், திரும்பவில்லை. அவள் தனியாகத்தான் இருந்தாள். வீட்டை ஒட்டி ஒரு கரோசியே, கூரைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. எங்கள் பக்கத்தில் காய்க்கிற கரோசியே அது ஒன்றுதான்.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று அக்கா பக்கத்து வீட்டு ஒரெஸ்த்தைக் கோடாரியோடு வரச் சொல்லியிருந்தாள். எனக்கு ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். ஒரெஸ்த் மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரங்கொத்தி வீடு கட்டியிருக்கு பாரு, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு," என்றான். "வாடகைக்கு விட்டிருக்கியா அக்கா?"

"எவன் வாடகை தர்றான்? வெள்ளைக்காரன் வந்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போனதிலேருந்து இந்த மரத்துக்கும் என் தம்பிக்கும் தலைக்கனம் ஏறிப்போச்சு, அவ்வளவுதான்," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. நிக்குமா, விழுமா?"

நான் மரத்தைத் தட்டிப் பார்த்தேன். "கரோசியே விழாது," என்றேன். "வேர் பாறைக்குள்ள போயிருக்கு."

ஒரெஸ்த் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டான். "பனைன்னா உன் பேச்சுதான், ஒனெல். நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அது கான்கிரீட் கட்டடம். அக்காவும் துணி மூட்டை கட்டி வைத்திருந்தாள். வீட்டில் ஆள் இருந்தால் ஒரெஸ்த் கேட்காமல் மரத்தில் கை வைக்கமாட்டான். வீடு காலியாக இருந்தால் இருட்டுவதற்குள் வந்து வெட்டிப்போட்டாலும் போடுவான், நல்ல எண்ணத்தோடுதான். அதனால் அக்காவிடம், அங்கே போகாதே, அத்தனை பேர் நெருக்கியடித்துக் கிடந்தால் காலரா வரும், உன் வீடே பத்திரம் என்றேன். அவள் மூட்டையை அவிழ்த்து எனக்கு மரவள்ளி ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தட்டிப் பார்த்தபோது என்ன கேட்டது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்கமாட்டேன். அடிமரம் பொத்தல். காலிப் பீப்பாயைத் தட்டின சத்தம். வெட்டியிருந்தாலும் காய் கிடைத்திருக்குமே என்பீர்கள். கிடைத்திருக்கும், ஆனால் மரம் போயிருக்கும். புயல் என்றால் பாதிக்குப் பாதி நிற்க வாய்ப்பு உண்டு. அந்தப் பாதியை அதற்குக் கொடுக்க நினைத்தேன்.

யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. புயல் அடித்தது, மரம் விழுந்தது, இம்மாகுலா செத்துப்போனாள் என்று எல்லோரும் துக்கம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் இன்று இங்கே வந்ததற்குக் காரணம் ஒரெஸ்த். என் வீட்டுக்குச் சோளச்சோறும் பீன்ஸும் கொண்டுவருகிறான். வாசலில் உட்கார்ந்து, அன்னைக்கே வெட்டியிருக்கணும், கோடாரியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேனே பாவி என்று அழுகிறான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மறுநாள் காலையையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

விடிந்து காற்று அடங்கியதும் நான்தான் முதலில் போனேன். மரம் வீட்டின் மேல் விழுந்து, சுவர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. கொண்டைப் பக்கம் ஓடைக்கரையில் கிடந்தது. குலை உடைந்து காய்கள் சிதறியிருந்தன. ஓடையில் செம்மண் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று. யார் வீட்டுப் பன்றியோ அவிழ்த்துக்கொண்டு வந்து மறுபக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்திருந்தது. நான் சாக்கை விரித்தேன்.

"தம்பி, நீதானா? நடக்கிற சத்தம் கேக்குது," என்றாள் அக்கா, பலகைகளுக்கு அடியிலிருந்து.

"நான்தான்."

"நெஞ்சுமேல கூரைக் கட்டை கிடக்குடா. மூச்சு விட முடியல."

"வரேன்க்கா."

காய்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டேன். பிறகு, "என்னடா பொறுக்கற?" என்றாள். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். நான், காய் என்றேன். "விழாதுன்னியே," என்றாள். ஆமாம் என்றேன்.

"ஒரெஸ்த்தைக் கூப்பிடு."

"கூப்பிடறேன்."

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான், ஒரெஸ்த் அங்கேதான் இருந்தான். கூப்பிட்டிருந்தால் அவனோடு பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். சேற்றில் கிடக்கிற காய் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, மிதித்து உள்ளே அழுத்திவிடுவார்கள். அக்கா எப்படியும் தாங்குவாள், அவள் கெட்டி உடம்புக்காரி என்று நினைத்தேன். ஓடை யாருக்கும் காத்திருக்காது. பன்றியை விரட்டிவிட்டு, கரையோரமாக இருந்ததை முதலில் எடுத்தேன். பிறகு கொண்டைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மட்டைகளை விலக்கி ஒரு காய் விடாமல் பார்த்தேன். அவள் இரண்டு மூன்று தடவை தம்பி என்றாள். அதற்குப் பிறகு என் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

சாக்கின் வாயைக் கட்டி மேட்டில் வைத்துவிட்டு வந்து, ஒரு கழியைக் கொடுத்து நெம்பினேன். கட்டை வந்துவிட்டது. நான் நினைத்த கனம் இல்லை, ஒரு ஆள் போதும். அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான் ஒரெஸ்த்தைக் கூப்பிட்டேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

காய்களை என் வீட்டுப் பின்புறம் புதைத்திருக்கிறேன். முளைக்க ஒரு வருஷம்கூட ஆகும், அவசரப்பட்டு யாரும் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். என்னை எங்கே அனுப்புவதானாலும் அதற்கு ஒரு வேலி போடச் சொல்லுங்கள்.

நான் செய்தது கொலை என்றால் கொலைதான், நான் வாதாடப் போவதில்லை. எனக்கு அந்தத் தெம்பும் இல்லை. ஆனால் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அவள் கூப்பிட்டபோதெல்லாம், ஒரு தடவை விடாமல், இதோ வரேன்க்கா என்று பதில் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.