தார்ஹேலியா வீட்டுக்கு ரோடு போன கதை

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன் தம்பி, ரோடுன்னா ஒரு வெவஸ்த வேணாமா? இத்தன காலமா என் கடை வாசல்ல வந்து திரும்பின ரோடு, இப்ப புதுசா போடுறப்ப எனக்கு முதுகக் காட்டிட்டு எதுத்த வீட்டுத் தார்ஹேலியாவோட பன்னிக்கொட்டாய்ப் பக்கம் போவுதாம். உக்காருங்க. அந்த மூணு கால் கருவிய செவுத்தோரமா சாத்துங்க, கோழி ஒண்ணும் பண்ணாது. சுட்ட பன்னிக்கறி வெக்கட்டா? தோலு மொறுமொறுன்னு இருக்கு. வேணாம்னு தலையாட்டாதீங்க. ரோடு அளக்குற நீங்களாவது தின்னுங்க, இனிமே இங்க திங்குறதுக்கு எவன் வரப் போறான்.

ரியோபாம்பா போற பஸ்ஸு எல்லாம் இங்கதான் நிக்கும். ஏன் நிக்கும்? வளைவு. மலையிலேர்ந்து எறங்கி வர்றவன் இந்த எடத்துல வேகத்தக் கொறச்சே ஆகணும். கொறச்சா என் கறி வாசன மூக்குல ஏறும். ஏறிச்சுன்னா நிப்பாட்டிருவான். அவ்வளவுதான் என் யாவாரம். ரெண்டு பொண்ணுங்கள இந்த வளைவ வெச்சுத்தான் கட்டிக் குடுத்தேன். இப்ப ரோடு போயிட்டா நான் இந்தச் சட்டிய வெச்சுக்கிட்டு காத்துக்கா கறி விக்கிறது?

அங்க பாருங்க அவள. பாத்தீங்களா? பின்செவுத்த இடிச்சு புது வாசல் வெச்சுட்டா. நேத்து வரைக்கும் பன்னி பொரண்ட எடத்துல இன்னைக்கு பிளாஸ்டிக் மேச போட்டிருக்கா. "ராணி உணவகம்"னு போர்டு எழுதச் சொல்லிருக்காளாம். மூஞ்சியப் பாரு, ராணி. அவ வெக்கிற உருளக்கெழங்கு சூப்ப எங்க வீட்டு நாயி மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போவுது. நான் சொல்றேன் கேளுங்க, இதுல என்னமோ இருக்கு. உங்க பெரிய இஞ்சினியருக்கு முழு கினிப்பன்னி வறுத்து வெச்சு மயக்கிட்டா. இல்லைங்கறீங்க... அப்ப வேற எப்பிடி? ரோடுக்கு கண்ணா இருக்கு, அவ வீட்டத் தேடிப் போவ?

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "கணக்கு போட்டுத்தான் செஞ்சிருப்பாங்க சோய்லா"ங்குறாரு. கல்யாணத்தன்னைக்கு மோதிரத்த வீட்லயே மறந்துட்டு வந்த மனுசன், கணக்கப் பத்தி எனக்குச் சொல்றாரு. அவருக்கென்ன, அந்தத் தார்ஹேலியா ஊர்த் திருவிழால அவரோட கூச்சமில்லாம விடிய விடிய ஆடுனவதானே. அதுலேர்ந்து நான் அவ மூஞ்சியில முழிக்கிறதில்ல. மேயர்கிட்டயும் போனேன். ஓட்டு கேக்க வந்தப்ப என்னய கட்டிப் புடிச்ச ஆளு, இப்ப வெரல் நுனியில கைய குடுத்துட்டு "வல்லுநர்கள் முடிவு"ங்குறாரு. சரி, சாமியாவது கேக்கட்டும்னு அந்தோனியார் சிலைய தலைகீழா நிக்க வெச்சிருக்கேன், அதோ சக்கர டப்பாவுக்குப் பக்கத்துல. ரோட்ட திருப்பிக் குடுக்குற வரைக்கும் நிமித்த மாட்டேன்னு சொல்லிட்டேன்.

உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் அளக்க வந்தாரே, தொப்பக்காரரு, நாரான்ஹோன்னு பேரு... அவரு தங்கமான மனுசன். ரெண்டு தட்டு திம்பாரு. தின்னுட்டே பேசுவாரு. கோணம்னுவாரு, வளைவுக்கு எம்பது மீட்டர் ஆரம்னுவாரு, எனக்கு அது ஜெபம் மாதிரி காதுல விழும். ஆனா அவரும் ஒரு துரோகம் பண்ணாரு. இந்தக் கடைக்குப் பின்னாடி, கோழி மேயுற எடத்துல, செவப்புத் தலையோட ஒரு முளைய அடிச்சாரு. "இதுதான் அம்மா முக்கியம், யாரும் தொடக் கூடாது"ன்னாரு. அப்பறம் தேர்தல் வந்துச்சு, குத்தகக்காரன் மாறிட்டான், அவரு போயிட்டாரு. முளை மட்டும் நிக்குது.

யோசிச்சுப் பாருங்க. முக்கியமான முளை எங்க இருக்கு? என் அடுப்படிக்குப் பின்னாடி. அப்ப ரோடு எது வழியா வரும்? என் அடுப்படி வழியா. புல்டோசர் வந்து என் அடுப்ப வாரிக்கிட்டு போவும், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நான் என்ன கிறுக்கியா?

புடுங்கிட்டேன்.

ஏன் அப்பிடி பாக்குறீங்க? மெல்லுங்க, தொண்டையில நிக்கப் போவுது. சும்மா புடுங்கிப் போட்டா கேள்வி வரும்ல. அதனால அத எடுத்துட்டுப் போயி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தார்ஹேலியா வீட்டு முன்னாடி இருக்குற கத்தாழ வேலிக்குள்ள நேரா நிக்க வெச்சு அடிச்சேன். இடியட்டும், அவ அடுப்பு இடியட்டும்னு. நல்லா செவப்புத் தல தெரியுற மாதிரிதான் வெச்சேன், எனக்கும் வேல சுத்தமா இருக்கணும். அப்பறம் நீங்க வந்தீங்க. பழைய அளவு ஒத்து வரல, மழையில மலையே சரிஞ்சிருக்கு, முளையும் அதோட நகந்திருக்கும்னு நீங்கதான் இதே மேசையில உக்காந்து உங்க ஆளுங்ககிட்ட சொன்னீங்க. முளை இருக்குற எடத்துலேர்ந்து கோணத்த புதுசா எடுத்தீங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பி சிரிச்சேன். ஆனா பாருங்க, அவ அடுப்பு இடியவே இல்ல. அதான் கேக்குறேன், அவ என்ன குடுத்தா?

கரண்டிய எதுக்கு அடுக்குறீங்க? தட்ட ஏன் தள்ளி வெக்கிறீங்க? ...சரி, பாக்குறேன். ரெண்டு கரண்டி, காம்பும் காம்பும் முட்டுற மாதிரி. முட்டுற எடத்துல ஒரு சோளம். சோளம்தான் முளையா? சரி. இந்தக் கரண்டி மேலேர்ந்து வர்ற ரோடு, அந்தக் கரண்டி கீழ போற ரோடு. நேரா வந்து, நேரா போவுது. அப்ப சோளத்துகிட்ட வந்துதானே திரும்பணும்...

இல்லையா?

முன்னாடியே திரும்ப ஆரம்பிச்சிருமா? இந்தக் கரண்டி நடுவுலயே விட்டுட்டு... வளைஞ்சு... அந்தக் கரண்டி நடுவுல போயி சேந்துக்குமா. தட்டுல கெடந்த நூடுல்ஸ எவ்வளவு அழகா வளைச்சு வெக்கிறீங்க. அப்ப சோளத்துகிட்ட ரோடு வரவே வராதா? ஒரு நாளும்? அது சும்மா கணக்குக்கு நிக்குற முளையா? அந்த மூலையிலேர்ந்து ரோடு பதினெட்டு மீட்டர் உள்ள தள்ளியே போவுமா...

இருங்க. இருங்க தம்பி. கோழி மேயுற எடத்துலேர்ந்து பதினெட்டு மீட்டர் உள்ளன்னா... அடுப்படி, மேச, வாசப்படி... என் வாசல்.

நான் புடுங்காம இருந்திருந்தா என் வாசல்லயேவா? முன்ன மாதிரியேவா? அதவிட அகலமா, பஸ்ஸு நிக்க எடத்தோடவா? இப்ப அவ கத்தாழ வேலியிலேர்ந்து பதினெட்டு மீட்டர் தள்ளி, வீட்டத் தாண்டி, பன்னிக்கொட்டாய்ப் பக்கம் போயிருச்சா?

அந்தத் தொப்பக்காரன் ரெண்டு தட்டு தின்னானே, வாயத் தொறந்து இத ஒரு வார்த்த சொன்னானா? ஆரம் ஆரம்னானே தவிர, சோய்லா, உன் வாசல்லதான் ரோடு வருதுன்னு மனுச பாஷையில சொல்லக் கூடாதா?

சரி. விடுங்க. முளைய திருப்பி அடிச்சிருவோம். எடம் எனக்குத் தெரியும், நானே காட்டுறேன். புல்டோசர நிறுத்தச் சொல்லுங்க. ...மலை மேல வரைக்கும் மண்ண வெட்டியாச்சா? கையெழுத்து ஆயிருச்சா. முளை எடம் மாறினது வெளிய தெரிஞ்சா உங்க வேலையும் போயிருமா. மண்ணு சரிஞ்சிருக்கும்னு நீங்களா முடிவு பண்ணதுதானே. ...அழல தம்பி நான், மிளகாத் தொவையல் கண்ணுல பட்டுருச்சு.

எந்திரிச்சிட்டீங்க. கறி அப்பிடியே கெடக்கு. யாரு கூப்புடுறா, உங்க ஆளுங்களா? எல்லாரும் அவ கடையிலயா இருக்காங்க? போங்க, போங்க. கருவிய எடுத்துக்கோங்க.

தம்பி, ஒரு நிமிசம். ரோடு போனது போவட்டும். பொழப்புக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன். முளைய அங்க அடிச்சது நான்தான்னு அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா ரோட்டத் தாண்டி வந்து எனக்கு நன்றி சொல்லிருவா. அத மட்டும் என்னால தாங்க முடியாது.