நான்கு இடங்களில் அண்ணை

அன்று உங்கள் அறையில் வெப்பமூட்டி கொஞ்சம் கூடுதலாக எரிந்துகொண்டிருந்தது, அம்மணி. நீங்கள் இரண்டு தடவை எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தீர்கள். கடிதத்தில் முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும் என முருங்கன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்த முறையை நான் இன்னும் மாற்றவில்லை.

சன்னலுக்கு முதுகைக் காட்டி, விசாரணை அலுவலராகிய நீங்கள். உங்கள் வலப்பக்கத்தில் தட்டெழுதிய பெண். உங்களுக்கு எதிரே ஆரூரன். அவனுக்கு இடப்பக்கம் அவனுடைய சட்டத்தரணி, வலப்பக்கம் மொழிபெயர்ப்பாளராகிய நான். கதவோரக் கதிரையில் இன்னொருவர் இருந்தார். சக அலுவலர் என்று மட்டும் சொன்னீர்கள். அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒன்றரை மீற்றர்தான், அதனால் கண்ணில் பட்டது.

என் பெயர் யோசப். வயது அறுபத்திரண்டு. மன்னார்ப் பக்கத்தவன். நாற்பது வருடமாக ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் இருக்கிறேன். முதலில் எங்கள் ஆட்களுக்கு அகதி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தேன், பிறகு சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளன் ஆனேன். என் வேலையில் பிழை பிடித்தவர் எவருமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே வருவதை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். ஆரூரன் வேலை செய்த தொழிற்சாலை வெற்றிட வால்வுகள் செய்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். சிப் செய்யும் இயந்திரத்துக்குள் காற்றுப் புகாமல் அதுதான் காக்கிறதாம். செய்வதில் பாதி அமெரிக்காவுக்கும் பாதி சீனாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் அமெரிக்கர்கள், அவர்களுக்கு விற்றால் நாங்கள் வாங்கமாட்டோம் என்றார்கள். சீனர்கள், எங்களுக்குத் தராவிட்டால் உங்களுக்கு வேண்டிய உலோகம் வராது என்றார்கள். முதலாளி இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அமெரிக்கர்களின் தாளில் கையெழுத்து வைத்தார். எனக்கு இரண்டு நாட்டோடும் கோபமில்லை. முன்னால் நிற்பவருக்கு அந்த இடம் வேண்டும். பின்னால் வருபவருக்கும் அதே இடம்தான் வேண்டும். அவர்களுக்குள் நான் போய் என்ன சொல்ல முடியும்.

என் மகள் எவ்லின் டுசில்டோர்ஃபில் வேலை செய்தாள், அந்த வால்வுகளை வாங்கிய சீனக் கம்பெனியின் கொள்முதல் அலுவலகத்தில். ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். வால்வு வருவது நின்றபின் மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள்.

“அப்பா, என்னைக் களவெடுக்கச் சொல்லுறாங்கள். அதுவும் மரியாதையா, தேத்தண்ணி ஊத்தித் தந்து சொல்லுறாங்கள்.”

“என்னத்தைக் களவெடுக்க?”

“அந்த வால்வின்ர வரைபடமாம். உங்கட ஊர்த் தொழிற்சாலைதானே, உங்கட ஆக்கள் இருப்பினம்தானே எண்டு கேக்கினம். கிடைச்சால் என்னை நிரந்தரமாக்குவினமாம். நான் சிரிச்சிட்டு வந்திட்டன்.”

என் மனைவி பற்றிமாவும் சிரித்தாள். எவ்லின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

ஓகஸ்டில் கேவலார் மாதா திருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வருவார்கள், சைவர்களும் வருவார்கள். ஆரூரனும் வந்திருந்தான். வாகனத் தரிப்பிடத்தில் இருவரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம்.

“தம்பி, ஒரு சின்ன உதவி. உங்கட வால்வின்ர வரைபடம் ஒண்டு வேணும். பழையதெண்டாலும் காணும்.”

அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தான். “அண்ணை, அமெரிக்காக்காரன்ர ஆள் வந்து எங்கட கக்கூசுக்கும் பூட்டுப் போடச் சொல்லியிருக்கிறான். சீனாக்காரன் குழாய்க்குள்ளால ஏறி வந்திடுவானாம். நீங்கள் என்னடாவெண்டால் வரைபடம் கேக்கிறியள்.”

“ஏலாதெண்டால் விடும்.”

கையிலிருந்த ரோல்ஸைப் பேப்பரில் சுற்றி வைத்தான். அவனுடைய அகதி வழக்கு ஒருதடவை நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பத் தேதியும் வைத்திருந்தார்கள். மேன்முறையீட்டை நான்தான் எழுதினேன், பத்தொன்பது பக்கம். அதை இரண்டு பேரும் அந்த இடத்தில் வாயால் சொல்லவில்லை.

“உங்களுக்கு நான் எப்பிடி அண்ணை ஏலாதெண்டு சொல்லுறது,” என்றான். “ஆனால் கடதாசியிலதான் தருவன். போனில அனுப்பமாட்டன்.”

எதற்கென்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்துத் தமிழ்க் கடையில், ஒரு பேப்பருக்குள் மடித்துத் தந்தான். நான் அதை டுசில்டோர்ஃபுக்குக் கொண்டுபோய் அந்த மேலாளரின் கையில் கொடுத்தேன். அவர் எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார். எவ்லின் அன்றைக்கு விடுப்பில் இருந்தாள், அப்படிப் பார்த்துத்தான் போனேன்.

அச்சு இயந்திரம் யார், எப்போது, எதை அச்செடுத்தார் என்றெல்லாம் பதிந்து வைக்கிறதாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நவம்பரில் நீங்கள் அவனுடைய கைபேசியை எடுத்தீர்கள். அதில் இருந்த தமிழ்க் குறுஞ்செய்திகளை மொழிபெயர்க்க என்னை அழைத்தீர்கள். ஆரூரனைத் தெரியுமா என்று கேட்டீர்கள். திருவிழாக்களில் கண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மை.

அவனும் அவன் மனைவி தக்சாயினியும் ஒருவருக்கொருவர் எழுதியவை. முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள், பெரும்பாலும் பால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பல் வைத்தியர் தந்த டெர்மின் நேரம். ஆரூரனுக்குக் கொழும்பில் சொந்தத் தமையன் ஒருவர் இருக்கிறார். பெயர் சிவராமன். துறைமுகத்தில், சீனக் கம்பெனி நடத்தும் பகுதியில், பாரந்தூக்கி ஓட்டுகிறார். அவரை இவர்கள் பெரியண்ணை என்று எழுதியிருந்தார்கள், பதினொரு இடங்களில். வெறும் அண்ணை என்று நான்கு இடங்களில் இருந்தது. “அண்ணை ஒரு வரைபடம் கேட்டவர்.” “அண்ணைக்குக் குடுத்திட்டன்.” “ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு அண்ணை சொன்னவர்.” நான்காவது தக்சாயினி எழுதியது: “அண்ணை கேட்டால் மாட்டனெண்டு சொல்ல ஏலுமே, எங்கட கேசை எழுதினவரெல்லோ.”

எங்கள் ஆட்களிடையே அண்ணை என்றால் வயதில் மூத்த எந்த ஆணும்தான். கடைக்காரரும் அண்ணை, பேருந்தில் இடம் விட்டவரும் அண்ணை. அந்த வீட்டில், பெயரோ அடைமொழியோ இல்லாமல் வெறுமனே அண்ணை என்றால் அது நான் ஒருவன்தான்.

பதினைந்து இடத்திலும் ‘புறூடர்’ என்று எழுதினேன். அகராதியைத் திறந்து பாருங்கள், அண்ணனுக்கு ஜெர்மனில் அதுதான் சொல். வழக்கை எழுதினவர் என்பதை, எங்கள் விடயத்தைக் கவனித்தவர் என்று போட்டேன். வழக்கை எழுதுகிறவன் விடயத்தைக் கவனிக்கிறவன்தானே. ஒரு சொல்லும் பொய்யில்லை. இரண்டு நாள் எடுத்துத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன்.

பிறகுதான் அந்த அறை. உங்கள் சகோதரரா இந்த வரைபடத்தைக் கேட்டார் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் தமிழில் சொன்னேன்: “அண்ணைதான் இதைக் கேட்டவரோ எண்டு கேக்கினம்.”

ஆரூரன் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அதை நீங்களும் கவனித்தீர்கள். ஆனால் எல்லோரும் பதில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரைத்தான் பார்ப்பார்கள்.

“ஓம்,” என்றான். “அண்ணைதான்.”

ஆம், என் சகோதரர்தான் என்று மொழிபெயர்த்தேன். புறூடர் என்ற சொல் அவனுக்குத் தெரியாததல்ல, பதினைந்து வருடம் இங்கே வேலை செய்தவன். அது காதில் விழுந்ததும் அவன் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. அண்ணை ஏதோ வழி வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். நான் எழுதியது எதுவும் அவனுக்குத் தோற்றதில்லை.

“மிச்சத்தை அண்ணையே சொல்லட்டும்,” என்றான்.

மீதியை என் சகோதரர் சொல்லட்டும் என்கிறார் என்றேன். நீங்கள் சகோதரரின் முகவரியைக் கேட்டீர்கள். சட்டத்தரணி குனிந்து, பதில் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சொன்னார். அதனால் பயனிருக்கவில்லை, முகவரி கைபேசியிலேயே இருந்தது. கதவோரத்தில் இருந்தவர் சிவராமனின் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

ஆரூரன் தடுப்புக் காவலில் இருக்கிறான். குடியுரிமை கேட்டு அவன் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஜனவரியில் சிவராமன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வாகனத்தில் வந்த இருவர் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எந்தப் பக்கத்தார் என்று அயலில் எவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள்.

போன செவ்வாய்க்கிழமை தக்சாயினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பற்றிமா வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

“அண்ணை, நீங்கள்தான் கேட்டனீங்கள். எனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“பிறகேன் புறூடர் எண்டு சொன்னனீங்கள்?”

“அண்ணைக்கு ஜெர்மனில அதுதான் சொல், தங்கச்சி.”

“எங்கட வீட்டில அவர் பெரியண்ணையை ஒருநாளும் வெறும் அண்ணை எண்டு சொன்னதில்லை. உங்களைத்தான் அப்பிடிச் சொல்லுறது.”

நான் அவளுக்கு அமைதியாக விளங்கப்படுத்தினேன். ஆரூரனின் ஓம் பதிவில் இருக்கிறது. இப்போது மாற்றிச் சொன்னால் அவன் பொய்யன் ஆவான். நானும் உள்ளே போவேன். அவன் செய்த குற்றம் அப்படியேதான் இருக்கும், ஒரு நாள்கூடக் குறையாது. சிவராமனைத் தேடச் சொல்லித் தூதரகத்துக்கும் செஞ்சிலுவைக்கும் மனு எழுத வேண்டும். எனக்குப் பதிலாக எழுத இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவள் எழுந்து மேலங்கியைப் போட்டாள்.

“அப்ப எழுதுங்கோ,” என்றாள். “பேரை மட்டும் இந்த முறை சரியா எழுதுங்கோ.”

எழுதினேன். நான்கு பக்கம். நல்ல மனு அது.

அடுத்த நாள் எவ்லின் வந்து, அலுவலகத்தைப் பூட்டுகிறார்கள் என்றாள். இரண்டு நாடும் மாறி மாறிப் போட்ட தடைகளில் வாங்கவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள்: “அந்த வால்வை அவங்கள் என்னட்டைக் கேக்க முதலே தாங்களே செய்திட்டாங்களாம் அப்பா. எங்கடதை விடத் திறமாம். மேலிடத்தில ஆரோ கேட்டுவைச்சதாலதான் அந்தாள் என்னட்டையும் கேட்டதாம்.” அதையும் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிவந்திருந்தது.

ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன். வரைபடத்தைக் கேட்டவன் நான். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். நான்கு இடத்திலும் அண்ணை என்பது யோசப் ஆகிய நான். புறூடர் என்று எழுதும்போதே, இன்னொரு மனிதனின் தலையில் அது விழும் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதனின் பெயரும் தெரியும். ஒரு தகப்பன் இதைவிட வேறென்ன செய்திருக்க முடியும் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

இதை ஏன் ஜெர்மனில் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஜெர்மனில் எழுதினால் சில சொற்கள் சரியாக வந்து சேராது, நீங்களே அதைக் கண்டிருக்கிறீர்கள். மனத்தில் உள்ளதைப் பிசகில்லாமல் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலிகள் இருக்கின்றன என்பது தெரியும். அவை மன்றில் செல்லாது. என் கூட்டெழுத்தை அவற்றால் வாசிக்கவும் ஏலாது. சத்தியப்பிரமாணம் எடுத்த ஒருவர்தான் செய்ய வேண்டும். மற்ற மொழிபெயர்ப்பாளரான வெரோனிக்கா அக்கா ஓய்வு பெற்றபின் உங்கள் பட்டியலில் தமிழுக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது.

மூன்றாக மடித்துவிட்டேன். இந்தக் கடைசி வரிகளை மடிப்பின் வெளிப்புறத்தில் எழுதுகிறேன். உறையில் உங்கள் முகவரியும் முத்திரையும் இருக்கின்றன, அனுப்புநர் பெயர் வைக்கவில்லை. ஒட்டிவிட்டு, ஐந்து மணிக்குத் தபாற்பெட்டியைத் திறக்குமுன் போட்டுவிடுவேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி இப்போதே வந்துவிட்டது. திங்கட்கிழமை கிடைத்தால் செவ்வாயன்று என்னை அழைப்பீர்கள். காலையில் எனக்கு வசதி. வழக்கம்போல ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துத் தருவேன்.