வாறன் எண்டு முடிக்காத புரோகிராம்

இல்ல தங்கச்சி, அது எழுத்துப் பிழையில்ல. எல்லாப் புரோகிராம்ட கடைசி வரியிலயும் வாறன் எண்டுதான் கிடக்கு. இங்கிலீசு எழுத்தில அடிச்சிருக்கிறதால உங்களுக்கு விளங்கல்ல போல. அந்தக் கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இருங்க, அங்க ஃபேன் காத்து வராது. கொழும்பில இருந்து இதையெல்லாம் புதுசா மாத்தத்தான் உங்கள அனுப்பியிருக்காங்க, நல்லா மாத்துங்க. நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான். அந்த ஒரு புரோகிராம மட்டும் ஓட விடுங்க. அதுக்கு ஏன் எண்டு கேட்டா, முதல் இந்த வாறன் கதையச் சொல்லணும்.

சுனாமிக்குப் பொறகு காணாமப் போன ஆக்களப் பதியிறதுக்கெண்டு திறந்த கந்தோர் இது. நாங்க பதியிற வேலைக்கு வந்த பொம்புளப் புள்ளைகள். பைதன் எண்டு ஒரு கம்பியூட்டர் மொழி இருக்கெண்டே தெரியாம, அது பாம்பு எண்டு மட்டும் தெரிஞ்ச காலம். டேட்டாபேஸில ஒரு பேரைத் தேட நாலு வரி இங்கிலீசில கேள்வி எழுதணும், ஒரு காற்புள்ளி பிழைச்சாலும் ஒண்ணும் வராது. வெளிய வெயிலுக்க தாய்மார் நிக்கிறாங்க, உள்ள நாங்க காற்புள்ளியத் தேடுறம். என்ன கொடும எண்டு பாருங்க.

எங்கட கம்பியூட்டர் வேலையெல்லாம் பார்த்தவர் உதயரூபன். அவருக்கு அது பொறுக்கல்ல. அவர்தான் எங்கட புரோகிராமெல்லாம் கூப்பிட்டு வேல வாங்குற இந்தச் சின்ன லைப்ரரிய எழுதினவர். தோணி எண்டு பேரும் வச்சார். நீங்க ஏறி இருந்தாச் சரி, துடுப்பு வலிக்கிறது தோணிக்காரன்ட வேலை எண்டு சொல்லுவார். உண்மைதான். தேடு எண்டு அடிச்சுப் பேரக் குடுத்தாப் போதும், மிச்சத்தையெல்லாம் அதுவே கேட்டுக்கிட்டு வந்திரும்.

ஓம், அந்த வாறன். அதுக்குத்தான் வாறன். டேட்டாபேஸோட திறந்த தொடர்ப வேல முடிஞ்சதும் மூடணும், இல்லாட்டி இடம் நிறைஞ்சு மத்தவங்களுக்கு வழியில்லாமப் போகும். உங்களுக்கு நான் சொல்லணுமா? அதுக்கு எல்லா இடத்திலயும் குளோஸ் எண்டுதானே பேர். இவர் மாட்டன் எண்டுட்டார். ஆளத் தேடி வந்த சனத்துக்கு முன்னால மூடு, முடி எண்டெல்லாம் அடிக்கேலாது. வீட்ட விட்டு வெளிக்கிடுற ஆள் போறன் எண்டா சொல்லுறான்? வாறன் எண்டுதானே சொல்லுறான். தோணியும் அப்பிடியே சொல்லிட்டுப் போகட்டும் எண்டார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சம். இந்தப் பெட்டி எங்க போகப்போகுது திரும்பி வாறதுக்கு எண்டு எங்களோட பதிஞ்ச றஸீனா நக்கலடிச்சா.

சிரிச்ச றஸீனாவே மறுகா ஒருநாள் அழுதா. ஏறாவூரில இருந்து ஸஹீதா எண்டு ஒரு தாய், நாள் தவறாம வருவா. மகள் ரிப்காவக் கடல் கொண்டு போயிட்டுதா, ஆராவது தூக்கினாங்களா எண்டு தெரியா. நாங்க பேர அடிப்பம், இல்லை எண்டு வரும். அவ பர்தா நுனியால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டுப் போவா. ஒருநாள் எங்கட ட்ரைவர் பாறூக் சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கிறார், பெரிய ற போட்டு. உதயரூபன் அதப் பார்த்தார், எழும்பி ஓடி வந்தார். பெரிய ற போட்டு றிப்கா எண்டு தேடினா, புள்ள தன்னாமுனை முகாமில இருக்கு! பதிஞ்சவங்க அப்பிடி எழுதியிருக்காங்க. நம்மட வாய்க்கு ரெண்டும் ஒரு புள்ள. கம்பியூட்டருக்கு ரெண்டு புள்ள. அண்டைக்கே தோணிக்குச் சொல்லிக் குடுத்திட்டார், சின்ன ரவும் பெரிய றவும் ஒண்டுதான் எண்டு. ஸஹீதா புள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இந்த நிலத்தில இருந்துட்டா. நாங்க எல்லாரும் அழுதம், பாறூக்கும்தான்.

விளங்குது, விளங்குது. எல்லாப் புரோகிராமும் வாறன் எண்டு முடியுது, இது மட்டும் முடியாம நாள்முழுக்கத் திறந்து கிடக்கு, இடத்தப் பிடிக்குது. மறந்துட்டீங்களா அக்கா எண்டு நல்ல மரியாதையாத்தான் கேட்டீங்க. மறக்கல்ல.

அது நான் எழுதினது. சண்டை முடிஞ்ச வருசம், வன்னியில இருந்து வந்த சனத்த வச்சிருந்த வவுனியா முகாம்கள்ல இருந்து பேர்கள் வந்து குவிஞ்சுதே, அப்ப. ஆராவது புதுசாப் பதிஞ்ச உடன இது போய்ப் பார்க்கும். ஒரு பேரத்தான் பார்க்கும். வாசிச்சுப் பாருங்க. ஓம், உதயரூபன். தோணி எழுதினவரேதான். சின்ன ர போட்டாலும் பெரிய ற போட்டாலும் பிடிக்கும், அவர் சொல்லிக் குடுத்ததுதானே.

இல்ல, அவர் வன்னிக்குப் போகல்ல. ஏன் போற? ஆனா எங்கயாவது இருந்தா ஏதாவது ஒரு பதிவில வரத்தானே வேணும்?

சண்டை முடியிறதுக்கு முந்தின வருசம். மத்தியானம் நான் சோறு போட்டுக் குடுக்கிறன், இறால் சொதி. ரெண்டு வாய்தான் வச்சிருப்பார், வாசல் கடப்படியில ஆரோ ரெண்டு பேர் நிண்டு அவர்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. சோத்த மூடி வை எண்டு சொல்லிட்டு, எச்சில் கையோட எழும்பிப் போனார். மூடு எண்ட சொல்லே வேணாம் எண்ட மனிசன். நான் மூடி வச்சன். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டு வெளிய ஓடிப் போனா, கடப்பு திறந்து கிடக்கு, ஆளக் காணல்ல.

ஓம் தங்கச்சி, என்ட வீட்டுக்காரர். இங்க எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் ஆரும் சொல்லல்ல போல.

நீங்க எழுதுறதில எல்லாத்துக்கும் குளோஸ் எண்டே போடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டன். இந்த ஒண்டு மட்டும். கடைசி வரிக்குப் போய் எத்தினையோ தரம் வாறன் எண்டு அடிக்கப் பார்த்துட்டன், கை ஏலாதாம். அண்டைக்கு அவர் வாறன் எண்டு சொல்லல்ல. கடப்பு வரைக்கும் போறதுக்கு ஆரு சொல்லுற? அவர் சொல்லாமப் போன சொல்ல நான் எப்பிடித் தங்கச்சி அடிக்கிற?