கிளாரா பூசைக்குப் போன நேரம்

கிளாரா: லைட்டக் காட்டுங்கன்னா ஜீப்புக்குக் காட்டணும். என் மூஞ்சிக்குக் காட்டுறீங்க.

ஜெரோம்: மூக்குல கிரீஸ் ஒட்டியிருக்கு. அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

கிளாரா: பூசைக்குப் போயிட்டு வந்த மூஞ்சிங்க இது. சேலைய மாத்துனதும் நேரா வந்து இந்தச் சாக்குல படுத்தாச்சு. செத்த கீழ காட்டுங்க... இன்னும்... ஆங், அங்கயே வச்சுக்கங்க.

ஜெரோம்: போல்ட்டு தெரியுதா?

கிளாரா: தெரியாம என்ன? நேத்துப் பொழுதுக்கும் இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன். ஒரே ஒரு போல்ட்டு. ஸ்பிரிங் பிளேட்டப் புடிச்சவன் விடவே மாட்டேங்குறான்.

ஜெரோம்: அவன் என்ன செய்வான்? தங்கமுத்து இந்த ஜீப்ப சிறுமலையில சகதின்னு பாக்காம கல்லுன்னு பாக்காம ஓட்டியிருக்காரு. உள்ள தண்ணி எறங்கி, போல்ட்டும் புஷ்ஷும் துருவேறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு.

கிளாரா: டீசல் ஊத்தியாச்சு. கேஸ் வச்சுக் காச்சியாச்சு. என் தோள்பட்டையும் போயாச்சு.

ஜெரோம்: ஊறுனதுக்கு இன்னைக்கு வந்துரும்.

கிளாரா: உக்காந்து சொல்றவருக்கு எல்லாம் வந்துரும்... ஏங்க, லைட்டு எதுக்குக் கீழ எறங்குது?

ஜெரோம்: ஒண்ணுமில்ல.

கிளாரா: நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்ங்க. உங்க கையச் சொல்லல.

ஜெரோம்: நீ சொல்லலன்னாலும் கை இப்படித்தான கெடக்கு. பொங்கலுக்கு முன்னாடி வாதத்துல விழுந்த வலது கை. இந்தச் சுத்தியல நான் தூக்கியிருந்தா நேத்தே இவன் வெளிய வந்திருப்பான்.

கிளாரா: விடுங்க அத. சுத்தியலக் குடுங்க. பெருசு.

ஜெரோம்: இந்தா... இரு, எடது கைல லைட்டு இருக்கு. நீயே எடுத்துக்க. காலுக்கிட்ட கெடக்கு பாரு.

கிளாரா: ம். எடுத்துட்டேன்.

ஜெரோம்: அடிக்கிறதுக்கு முந்தி நட்டு?

கிளாரா: தெரியும்ங்க. முழுசாக் கழட்டிறக் கூடாது. போல்ட்டு முனையும் நட்டும் சமமா நிக்கணும். இல்லன்னா அடி வாங்கி மரை நசுங்கிப்போகும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஜெரோம்: சொல்லுவ. செய்ய மாட்ட. நேத்தும் கழட்டி டப்பாவுலதான போட்ட?

கிளாரா: ஆமா, போட்டேன்... டப்பாவுல காணோமே.

ஜெரோம்: போல்ட்டுலயே இருக்கும். நல்லாப் பாரு. என்ன, இருக்கா?

கிளாரா: இருக்கு. சமமா, அழகா நிக்கிது... நான்தான் மாட்டிட்டு மறந்துட்டேன் போல.

ஜெரோம்: வயசாகுதுல்ல உனக்கு.

கிளாரா: ஆமா, எனக்கு மட்டுந்தான ஆகுது. சரி, கேட்டுக்கங்க. நேத்துச் சொன்னது சொன்னதுதான். இன்னைக்கு இவன் வரலன்னா நாளைக்குக் காலைல நான் மில்லுக்குப் போறேன். ஷிப்டுக்கு வாரியா, வேற ஆள வைக்கவான்னு சூப்பர்வைசரு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஷெட்ட யாருக்காச்சும் விட்டுருவோம்.

ஜெரோம்: ஒரு போல்ட்டுக்காகவா புள்ள?

கிளாரா: ஒரு போல்ட்டுன்னு லேசாச் சொல்லாதீங்க. இது வரலன்னா தங்கமுத்து ஜீப்பக் கட்டி இழுத்துக்கிட்டு வேற ஷெட்டுக்குப் போவாரு. அங்க என்ன பேசுவாய்ங்க? ஜெரோமுக்குக் கை போச்சு, பொண்டாட்டி கெடந்து தட்டிக்கிட்டிருக்கான்னு பேசுவாய்ங்க. அப்புறம் யாரு வருவா நம்மகிட்ட?

ஜெரோம்: அப்படி ஒண்ணும் பேச மாட்டாய்ங்க. நீ முதல்ல அடி.

கிளாரா: நான் இந்தப் பேச்சு எடுத்தாலே அடி அடின்னு சொல்லீர்றீங்க.

ஜெரோம்: நேரா அடி. சாச்சு அடிக்காத. சேசுவேன்னு சொல்லி ஒண்ணு போடு.

கிளாரா: சேசுவே...

ஜெரோம்: இன்னொண்ணு.

கிளாரா: சேசுவே, மரியே...

ஜெரோம்: அம்புட்டுத்தான். சூசையப்பரையும் கூப்புடு, வந்துரும்.

கிளாரா: ஏங்க... அசையுதுங்க.

ஜெரோம்: பாத்தியா.

கிளாரா: வாரான். அந்தப் பக்கம் தலை வெளிய வருது பாருங்க. நேத்து உடும்பு மாதிரி புடிச்சுக்கிட்டிருந்தவன் இன்னைக்கு மூணு அடியில வாரான்.

ஜெரோம்: நான் சொன்னேன்ல. டீசல்ல ஊறியிருக்கு. உன் கை வேற பழகிருச்சு. இழு, இழு... ஆங். புடிச்சுக்க, காலுல போட்டுக்காத.

கிளாரா: வந்துட்டான். வந்தே வந்துட்டான்ங்க.

ஜெரோம்: மெக்கானிக் கிளாரா. போர்டுல பேர மாத்திர வேண்டியதுதான்.

கிளாரா: கை குடுங்க, எந்திரிக்கணும்... எடது கையவே குடுங்க. அப்பாடா... என்ன இது, சட்டையத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? யாராச்சும் வந்தா என்ன நெனப்பாங்க?

ஜெரோம்: நீதான் பூசைக்கு நேரமாச்சுன்னு பொத்தான் போடாமப் போயிட்ட. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

கிளாரா: இருங்க. கையத் தொடச்சுட்டுப் போட்டு விடுறேன். அசையாதீங்க. ஒரு பொத்தானு...

ஜெரோம்: கிரீஸ் ஆகும்.

கிளாரா: ஆனாத் தொவைக்கிறது யாரு, நானுதான. நிமிருங்க.

ஜெரோம்: ஏய், விடு விடு. தங்கமுத்து வாராரு. வாய்யா தங்கமுத்து, வா. இப்பத்தான் உன் பேச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு.

தங்கமுத்து: என்னண்ணே, நல்ல விதமாவா? இல்ல, வேற ஷெட்டப் பாருன்னு சொல்லப் போறீங்களா?

ஜெரோம்: அக்கா கையில என்ன இருக்குன்னு பாரு.

தங்கமுத்து: ஆத்தாடி. வந்துருச்சா? அக்கா, நெசமாவே நீங்களா கழட்டுனீங்க?

கிளாரா: ஏன் தம்பி, நம்பிக்கை இல்லையா?

தங்கமுத்து: நம்பாம இல்லக்கா. செம்பட்டி மெக்கானிக்கு ஒருத்தரு இதப் பாத்துட்டு அறுத்துத்தான் எடுக்கணும்னுட்டாரு. வியாழக்கெழம அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏத்தணும். நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. அதான் இன்னைக்குக் காலைல மொத பஸ்ஸுலயே எறங்கி இங்கதான் வந்தேன்.

ஜெரோம்: காலைலயா? நீ வரலியே.

தங்கமுத்து: வந்தேன்ண்ணே. ஷட்டரு பாதி எறக்கியிருந்துச்சு. உள்ள சுத்தியல் சத்தம். அடின்னா என்ன அடி... ரோடு வரைக்கும் அதிருது. சரி, வேலை நடக்குது, நடுவுல போயி நிக்க வேணாம்னு ரயிலடிப் பக்கம் போயிட்டேன். கோயில் மணி அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கெழமை அதுவுமா அக்கா பூசைக்குப் போகாம நம்ம வண்டிக்காகக் கெடந்து அடிக்கிறாங்களேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. என்ன, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறீங்க? நீங்கதானக்கா அடிச்சது?

கிளாரா: ஆமா தம்பி. நான்தான் அடிச்சேன்.

தங்கமுத்து: பூசை?

கிளாரா: சாயந்தரமும் ஒரு பூசை இருக்குல்ல. அதுக்குப் போய்க்கலாம்னு இருந்துட்டேன்.

தங்கமுத்து: நல்லா இருப்பீங்கக்கா. புதன்கெழம சாயந்தரம் வந்தா வண்டி எடுத்துக்கலாமாண்ணே?

ஜெரோம்: ம்... எடுத்துக்கலாம்.

தங்கமுத்து: என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு? கை வலிக்குதா?

கிளாரா: அவருக்குப் பசி தம்பி. காலைல ஒண்ணும் சாப்புடல. நீங்க போயிட்டு வாங்க.

தங்கமுத்து: வாரேன்க்கா. வாரேண்ணே.

ஜெரோம்: ஏன் புள்ள பொய் சொன்ன?

கிளாரா: பின்ன என்ன, கை விழுந்தவரு ஷட்டர எறக்கி வச்சுக்கிட்டு ரோடு அதிர அடிச்சாருன்னா சொல்லுவாங்க? நான் பொய் சொன்னதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். நீங்க பூசைக்கு வராததுக்கு நீங்க பண்ணிக்கங்க. காலு குத்துது, நீ மட்டும் போயிட்டு வான்னு என்னைய அனுப்பி வச்சீங்கள்ல.

ஜெரோம்: நட்டப் பாத்தப்பவே கண்டுபுடிச்சுட்டியா?

கிளாரா: என்னைக்கு நான் நட்ட சமமா நிறுத்தியிருக்கேன்? நல்லா வெளிய அடிச்சு எடுத்துட்டு, நான் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு திரும்ப உள்ள சொருகிருக்கீங்க. அவன் மூணு அடியில வரும்போது எனக்குச் சிரிப்பு வேற. அடக்கிக்கிட்டு சேசுவே மரியேன்னு கத்துனேன்.

ஜெரோம்: நீ நேத்து அந்தச் சாக்குலயே உக்காந்து அழுத. என்னால முடியல, மில்லுக்கே போறேன்னு சொன்ன. எனக்குத் தாங்கல. நீ அடிச்சு அது வந்துருச்சுன்னா அப்படியே இருந்துருவன்னு நெனச்சேன்.

கிளாரா: கை எப்பச் சரியாச்சு?

ஜெரோம்: ஈஸ்டர் முடிஞ்சு கொஞ்ச நாள்ல. பந்து அமுக்கிக்கிட்டே இருந்தேன்ல... ஒரு நாளு புடிச்ச ஸ்பேனர் கைல நழுவாம நின்னுச்சு. அப்புறம் சுத்தியலும் நின்னுச்சு.

கிளாரா: ஒரு வார்த்தை சொன்னீங்களா என்கிட்ட?

ஜெரோம்: சொன்னா நீ மில்லுக்குப் போயிருவ. கோவிச்சுக்காத புள்ள. கல்யாணம் ஆன நாள்லருந்து நீ ஷிப்டுக்குப் போற, நான் ஷெட்டுக்கு வாரேன். நான் வீட்டுக்கு வாரப்ப நீ தூங்குவ. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஞாயித்துக்கெழமதான் பேசிக்கிட்டோம். கை விழுந்த பெறகுதான் மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்புடுறோம். என்ன வெஞ்சனம்னு தூக்குவாளியத் தொறந்து பாக்காம, உன்கிட்டயே கேட்டுக்குறேன். நீ அடிக்கிற, நான் லைட்டு புடிக்கிறேன், திட்டுற... எனக்கு அது புடிச்சுப் போச்சு. கையக் காட்டிட்டா எல்லாம் போயிருமேன்னு பயமா இருந்துச்சு.

கிளாரா: அதுக்காக என்னைய ஜீப்புக்கு அடியில போட்டு வாட்டுவீங்களா?

ஜெரோம்: தப்புத்தான். நாளைக்கு நீ மில்லுக்குப் போறதுன்னா போ. நான் தடுக்கல.

கிளாரா: எந்த மில்லுக்கு? போன வாரமே சூப்பர்வைசருக்கு போன் போட்டு வர மாட்டேன்னு சொல்லியாச்சு.

ஜெரோம்: அப்ப... நேத்து அழுதது?

கிளாரா: தோளு வலிச்சுச்சு, அழுதேன். அதோட சேத்து மில்லையும் சொல்லி வச்சேன். அப்பவாச்சும் கொண்டா புள்ளன்னு சுத்தியல வாங்குவீங்கன்னு பாத்தேன். பூசைக்குப் போன நேரம் பாத்துத் திருட்டுத்தனமா அடிப்பீங்கன்னு கண்டேனா?

ஜெரோம்: இரு, இரு. சுத்தியல வாங்குவேன்னா... என் கை சரியாயிருச்சுன்னு உனக்கு நேத்தே தெரியுமா?

கிளாரா: நேத்தா? ஈஸ்டர் முடிஞ்சு நீங்க தூக்கத்துல கொசு அடிச்சீங்க. வலது கையால. செவுரே சத்தம் போட்டுச்சு. மறுநாளே டாக்டர்கிட்டத் தனியாப் போயிக் கேட்டேன். இனி தாராளமா வேலை செய்யட்டும்மான்னாரு.

ஜெரோம்: அம்புட்டு நாளாவா? அப்ப தெனமும் காலைல சட்டைக்குப் பொத்தான் போட்டு விட்டியே... தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு?

கிளாரா: கிட்ட வாங்க, ரெண்டு பொத்தானு பாக்கி நிக்கிது... மில்லுக்குப் போன காலத்துல ஒரு நாளாச்சும் இம்புட்டுப் பக்கத்துல நின்னிருக்கேனா உங்ககிட்ட? இப்பத்தான் பொத்தான் போடுற நேரம் உங்க மூச்சு என் நெத்தியில படுது. கை சரியாயிருச்சுன்னு நான் எதுக்குங்க வாயத் தொறக்கணும்?