அடைத்தவன் முதலில் சுட வேண்டும்

குழந்தைகளுக்கு என்னைப் பிடிக்கும். விவேக்கின் மகளுக்கு இரண்டு வயது. யார் தூக்கினாலும் அழுவாள். என்னிடம் வந்தால் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அடங்கிவிடுவாள். அவள் முகத்தை அவளுடைய அப்பா பார்த்ததில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விவேக் என் மனைவி மதுமிதாவின் அண்ணன். ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். அப்பாவையும் இவர்களையும் தவிர மற்றவர்கள் எப்போதோ ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். விவேக் மொகல் தெருவில் கல் தரகு செய்தான். காலை வெயிலில், பித்தளைத் தட்டில் சிவப்புக் கல்லைப் போட்டு, வெறும் கண்ணால் பார்ப்பான். எந்த மலையில் எடுத்தது, நிறம் கூட்டச் சூடு காட்டியதா, காட்டாததா, எல்லாம் சொல்லிவிடுவான். லென்ஸ் வைத்துக்கொள்ள மாட்டான். "தாத்தா விட்டுப்போன சொத்து இந்த ரெண்டுதான் மாப்ளை" என்று கண்களைக் காட்டிச் சிரிப்பான்.

நான் ரசாயனம் படித்தவன். எண்பத்தெட்டில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். பட்டம் கைக்கு வர வருடங்கள் ஆயின. பிறகு க்யிம்யிண்டைங்கில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேதான் மேஜர் ஊ சான் வின்னைச் சந்தித்தேன். ஓய்வு பெற்றவர். முதலாளியின் நண்பர். இன்சீனுக்கு அப்பால் அவருக்கு ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அனுமதிச் சீட்டோடு ஒரு பழைய கார்பைனும் இருந்தது. சண்டைக் காலத்து ஆங்கிலத் துப்பாக்கி. த்ரீ-நாட்-த்ரீ. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். குட்டையானது, தோளில் நன்றாக உதைக்கும்.

அதற்குத் தோட்டா கிடைக்காது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, அச்சில் அழுத்தி, புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயத்தைப் பொருத்த வேண்டும். தராசு பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று மேஜர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அந்த வேலை பிடித்தது. சத்தமில்லாத வேலை. ஞாயிறுதோறும் போனேன். பிறகு விவேக்கும் வந்தான். அவனுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

மேஜரிடம் இரண்டு விதிகள். ஒன்று, புதிதாக அடைத்த தோட்டாக்களில் முதலாவதை அடைத்தவனே சுட வேண்டும். "சமைத்தவன் முதலில் சாப்பிடட்டும்" என்பார். இரண்டு, சுடுகிறவன் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் விதியை விவேக் மதித்தான். இரண்டாவதை மதிக்கவில்லை.

"கண்ணாடி வழியா கல்லப் பாக்கறவன் கண்ணாடியத்தான் வாங்குவான், ஊலே" என்றான் அவரிடம். வயதில் மூத்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், சித்தப்பா மாதிரி. மேஜர் திட்டுவார். அவர் பார்க்கும்போது போட்டுக்கொள்வான். திரும்பியதும் கழற்றிவிடுவான். மொகல் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் எதுவும் இருந்தால் அவர்களுக்கு அவமானம்.

மதுமிதாவுக்கு அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் விவேக் பார்க்க வந்தான். கட்டில் பக்கம் உட்கார்ந்தான். தங்கையின் முகத்தையே பார்த்தான். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"மாப்ளை, மொகம் சரியில்ல. நெறம் மாறியிருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்."

"சாதாரணக் காய்ச்சல்தான் மச்சான். இப்பத்தான் பாத்தேன், இறங்கியிருக்கு."

"காய்ச்சல் எறங்கியிருக்கலாம். நெறம் நல்லா இல்ல."

"நீங்க கல்லப் பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."

அவன் சிரித்தான். போய்விட்டான்.

மறுநாள் நான் தோட்டத்துக்குப் போனேன். புது வெடிமருந்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. மதுமிதா போகச் சொன்னாள் என்றுதான் நினைவு. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு சுல்தான் பீவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது.

விவேக் அந்தச் சனிக்கிழமைப் பேச்சை யாரிடமும் சொல்லவில்லை. தன் அப்பா பெத்தபெருமாளிடம்கூட. சுடுகாட்டில் என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டான். அவன் மனைவி நந்திதா எனக்கென்று புளிப்புக் குறைவாகச் சமைத்தாள். எதிரே உட்கார்ந்து விவேக் என்னைப் பார்ப்பான். கோபமாக அல்ல. கல்லைப் பார்ப்பதுபோல, தட்டில் கிடக்கிற பொருளின் தரம் ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாதிரி. பிறகு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்ளை" என்பான்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. எனக்கு அந்த நிறம் தெரியவில்லை. அது என் குற்றமல்ல. தெரியாதவனை யாரும் தண்டிக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு சைக்கா ரிக்ஷா பிடித்துத் தங்கையைத் தூக்கிப் போகவில்லை. நான் வேண்டாமென்றேன், அவன் கேட்டுக்கொண்டான். கண்டவன் செய்யாமல் விட்டால் அந்தக் கண்கள் எதற்கு என்று தோன்றியது. இதில் நியாயக் குறைவு எதுவும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தை மாதம். நந்திதா அப்போது முழுகாமல் இருந்தாள். அந்த ஞாயிறு விவேக்கைத் தோட்டா அடைக்கச் சொன்னேன். எனக்குக் கை நடுங்குகிறது என்றேன். அவன் உடனே நம்பினான். மனைவியை இழந்தவனுக்குக் கை நடுங்கத்தான் செய்யும் என்பதுபோல மேஜையில் உட்கார்ந்தான்.

வெடிமருந்து டப்பாவில் இருக்க வேண்டியது அன்று அதில் இல்லை. வேறு இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

விவேக் மருந்தைத் தராசில் கொட்டினான். கொட்டியவன் நிறுத்தினான். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் எடுத்து ஜன்னல் பக்கம் போனான்.

"மாப்ளை, இது போன தடவ மாதிரி இல்லயே. லேசாப் பச்ச அடிக்குது."

என் ரசாயனப் பட்டத்துக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. அவனுக்குத் தெரிந்தது.

"புது டப்பா மச்சான். போட்டாதாங் படகுத்துறைல கப்பல்காரன்கிட்ட வாங்கினது."

"அப்படியா?"

"சந்தேகமா இருந்தா வேண்டாம். வச்சிடுங்க."

இதை நான் சொன்னேன். பதிவாக இருக்கட்டும். அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அவன் உள்ளங்கையை இன்னொரு முறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரி" என்று தராசைத் தொட்டான்.

மறுபடியும் கண்டான். மறுபடியும் விட்டுவிட்டான். அப்போதுதான் எனக்கு முழு நிம்மதி வந்தது.

வெளியே மேஜர் ரப்பர் மரங்களுக்கு நடுவே அட்டையை மாட்டிவிட்டு வந்தார். விவேக் படுத்துக்கொண்டு ஒற்றைத் தோட்டாவை உள்ளே தள்ளினான். போல்ட்டை அடைத்தான். "சமைச்சவன் சாப்பிடறேன் ஊலே" என்றான். மேஜர் சிரித்தார். அவர் தேநீர்க் குடுவையைத் திறக்கத் திரும்பியதும், விவேக் கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். வழக்கம்போல நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சத்தம் வழக்கத்தைவிட வேறு மாதிரி இருந்தது. முன்னால் போக வேண்டியது பின்னால் வந்துவிட்டது. மேஜர் ஓடி வந்தார். நான்தான் முதலில் அவன் தலையைப் பிடித்தேன். அவன் கத்தவில்லை. "ஊலே எங்க? அவருக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

உயிர் போக வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. போயிருந்தால் அது அளவுக்கு மீறியதாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து என் கையைத் தேடிப் பிடித்தான்.

"நாந்தான் தராச ஒழுங்காப் பாக்கல மாப்ளை. ஊலே துப்பாக்கியக் கெடுத்துட்டேன். என் சார்பா அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க."

"கேக்கறேன் மச்சான்."

கேட்டேன். மேஜர் அழுதார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டார். விவேக் போடவில்லை என்றேன். அது உண்மை.

அதன் பிறகு நான் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். முடிவெட்டக் கூட்டிப்போகிறேன். பழைய பழக்கத்தில் மொகல் தெருவிலிருந்து யாராவது ஒரு கல்லோடு வருவதுண்டு. விவேக் அதை நாக்கில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பான். விரலால் உருட்டுவான். பிறகு என்னிடம் நீட்டி, "நெறம் எப்படி மாப்ளை?" என்பான். வாயில் வந்ததைச் சொல்வேன். இப்போது யாரும் வருவதில்லை. நந்திதா அரிசி அப்பம் சுட்டு விற்கிறாள். "அண்ணா இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போமோ" என்று பக்கத்தில் எல்லோரிடமும் சொல்கிறாள்.

மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல். நேற்று சனிக்கிழமை. மழை. நான் போனபோது நந்திதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, நீங்க பாருங்க. எனக்குப் பதட்டத்துல ஒண்ணும் புரியல. தூக்கிட்டுப் போயிடலாமான்னு கேட்டா, இவங்க நீங்க வரட்டும்ங்கறாங்க."

விவேக் சுவரில் சாய்ந்திருந்தான். "வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்க மாப்ளை" என்றான். கொஞ்சம் தயங்கினான். "ஒதட்டச் சுத்திப் பாருங்க. மதுவுக்கு அங்கதான் மொதல்ல மாறுச்சு."

இத்தனை காலத்தில் அதை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்கு உதவுவதற்காகச் சொன்னான்.

குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். அவள் அழவில்லை. தோளில் சாயப் பார்த்தாள். நான் முகத்தை நிமிர்த்திப் பிடித்தேன். உதட்டைச் சுற்றிப் பார்த்தேன். நனைந்த சாம்பல்போல ஒரு நிறம். எனக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரிகிறது என்று சொன்னால், மதுமிதாவின் முகத்திலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாகிவிடும்.

"சாதாரணக் காய்ச்சல்தான் மச்சான்" என்றேன்.

விவேக் மூச்சை விட்டான். "நீங்க பாத்துட்டீங்கல்ல. போதும்" என்றான். நந்திதாவைப் பார்த்து, இல்லை, அவள் இருந்த பக்கமாகத் திரும்பி, "நான் சொல்லல? காப்பி போடு" என்றான்.

குடித்துவிட்டு வந்தேன்.

இன்று ஞாயிறு. அன்று வாசலில் நின்ற அதே சுல்தான் பீவி இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். எழுதி முடித்ததும் திறப்பேன். எனக்கு யார் மேலும் கோபமில்லை, குழந்தை மேல் சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் விவேக்கைப் போல இல்லை. அவன் கண்டதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான். நான் கண்டதைக் கண்டபடி, ஒளிக்காமல், எழுதி வைத்திருக்கிறேன்.