செடியின் மூச்சு

"நான் மூச்சு விட்டா கிராஃப் ஏறுதுடி."

காக்ஸ் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள். இருவர் கழுத்திலும் ஒரே ஆய்வுக்கூடத்தின் அடையாள அட்டை. கோடை விடுமுறையில் ஆராய்ச்சி பழக வந்த இன்ஜினியரிங் மாணவிகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இலை விடற ஈரத்தை அளக்கிற சென்சார்தானே உன்னுது? ரீடிங் சூப்பரா வருதுன்ன?"

"வந்துச்சு. நான்தான் செடித் தொட்டிய விட்டு நகராம, முகத்தைக் கிட்ட வெச்சுப் பார்த்துட்டே இருந்தேனே. நேத்து ஜுரம்னு லீவு போட்டேன்ல? இன்னிக்குப் போய்ப் பார்த்தா, நேத்து பூரா கோடு அசையவே இல்ல. கிட்டப் போய் ஊதினேன், ஏறுச்சு. இத்தனை நாளும் செடின்னு நெனச்சு என்னையே அளந்திருக்கேன்."

"சார்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன். கிராஃப் அழகா இருக்கு. காட்டிட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டு ஊருக்குக் கிளம்பு. யாரு கேக்கப் போறாங்க?"

"முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே கண்டக்டர் நின்றவர்களை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கடந்து போனதும் அந்தப் பெண் தோழி பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் வர்றவ என் கிராஃபை வெச்சுத்தான் ஆரம்பிப்பா. அவளும் இப்படித்தான் குனிஞ்சு பார்ப்பா. அவளுக்கும் இதே மாதிரி ஏறும்."

"ஏறட்டுமே."

"அவளுக்கு ஜுரம் வரலைன்னா?"