முடிச்சை அறுத்தது பற்றி மாரியூர் பிச்சையம்மாள் சொன்னது

பெயர் பிச்சையம்மாள், வயது 42, க/பெ கூத்தையா, கடற்கரைத் தெரு, மாரியூர், சாயல்குடி வழி, இராமநாதபுரம் மாவட்டம். தொழில், கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். பாசி எடுக்கும் பெண்கள் சிலர் சேர்ந்து, எங்கள் கரையில் கடலாட வருகிறவர்களைக் காப்பாற்றும் குழு ஒன்றை நடத்தி வருகிறோம். சம்பளம் கிடையாது. முதுகில் 'உயிர் காப்போர்' என்று எழுதிய பனியன், விசில், கயிறு கட்டிய லாரி டியூப், இவ்வளவுதான் எங்கள் சாமான். பனியனைப் பார்த்த பிறகும் பாதிப் பேர் எங்களிடம் சேலை மாற்றும் அறைக்குச் சாவி கேட்கிறார்கள். மீதிப் பேர் விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னார்கள். தேவை இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

இன்று காலையில் கமுதிப் பக்கத்திலிருந்து, ஆனி மாதம் கல்யாணம் முடித்த ஒரு வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பெயர் அய்யப்பன், பெண் பெயர் சத்யப்பிரியா, மாப்பிள்ளையின் தகப்பனார் சேதுபதி என்று பின்னர் தெரிந்துகொண்டேன். ஏதோ தோஷம் கழிய வேண்டும் என்று, மாப்பிள்ளை இடுப்பில் இறுக்கியிருந்த துண்டோடு பெண்ணின் முந்தானையை முடிச்சுப் போட்டு, இருவரையும் ஒன்றாகக் கடலில் இறக்கப் போனார்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதம், அலை இழுத்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப் போய் மறித்து, முடிச்சை அவிழ்த்துவிட்டு முழங்கால் தண்ணீரில் குளிக்கச் சொன்னேன்.

அதற்கு மேற்படி சேதுபதி, "கரையேறுற வரைக்கும் அவுக்கக் கூடாதும்மா. கம்மாயில முங்கி வளந்த பயதான், ஒண்ணும் ஆகாது. நீ போயி உன் வேலையப் பாரு" என்று சொன்னார். இதுதான் என் வேலை என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. கண்மாய்த் தண்ணீர் போட்ட இடத்தில் கிடக்கும். கடல் அப்படிக் கிடக்காது என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

அதன் பின்னர் இருவரும் இறங்கி முதல் முங்கு போட்டு எழுந்தபோது, பின்வாங்கிய அலையில் மாப்பிள்ளைக்குக் கால் நழுவியது. அவன் போன வேகத்தில் முடிச்சு பெண்ணையும் இழுத்துக்கொண்டு போனது. நான் டியூபோடு குதித்தேன். கயிற்றின் மறு முனையை எங்கள் குழுவைச் சேர்ந்த முருகலட்சுமி கரையில் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டே போனபோது ஒருவர் மேலே வந்தால் மற்றவர் கீழே போய்க்கொண்டிருந்தார். அவன் டியூபைப் பிடித்தால் அவள் கனம் அவனைக் கீழே இழுத்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நனைந்து இறுகிப் போயிருந்தது. எனவே, கிழிந்த வலையில் மாட்டினால் அறுத்துக்கொள்ள நாங்கள் எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் சிறு கத்தியை எடுத்தேன்.

கத்தியைப் பார்த்ததும் அந்தப் பெண், மூக்கில் வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் அவள் விரலைப் பிரித்துத்தான் அறுத்தேன். அதில் அவள் இடது கை விரலில் கத்தி பட்டது. அந்தக் காயம் என்னால் ஏற்பட்டதுதான், மறுக்கவில்லை. அதன் பின்னர் மாப்பிள்ளையை டியூபில் தொங்க விட்டு, பெண்ணின் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

கரையில் பெண் வாந்தி எடுத்து, அவளுக்கு மூச்சு வந்த உடனே மாமியார் தேடியது முடிச்சைத்தான். "புதுப் பொண்ணு முடிச்ச அறுத்துப்புட்டாளே பாவி" என்று என்மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள். கத்தியைக் காட்டி மிரட்டினேன், விரலை வெட்டினேன், மயிரைப் பிடித்து இழுத்தேன் என்று புகார் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு உண்மை. மிரட்டவில்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை.

நிலையத்துக்கு வந்த பின்னர், மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, சேதுபதி ஒரு தாளை நீட்டினார். காயத்துக்கு வருந்துகிறேன், முடிச்சை அறுத்ததற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. அதற்கெல்லாம் சம்மதம் என்றேன். கடைசியில், இனி எவருடைய முடிச்சையும் அறுக்க மாட்டேன் என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துத் தரச் சொன்னேன். முடியாது என்றார்.

விரலில் துணி சுற்றியிருந்த அந்தப் பெண் என் அருகில் வந்து, "போட்டுருங்கக்கா. நான் இவுகளோட வீட்டுக்குப் போகணும்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்துக்காகப் பேனாவை வாங்கினேன். நாளைக்கு ஆடி அமாவாசை, கரையில் கால் வைக்க இடம் இருக்காது. இவளைப் போல ஒருத்தி முடிச்சோடு வந்து நிற்பாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். என் கத்தியைச் சாட்சிப் பொருளாக எடுத்திருக்கிறார்கள். விடியற்காலைக்கு முருகலட்சுமி வீட்டில் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன்.

மேலே கண்டது நான் சொல்லச் சொல்ல எழுதியது. வாசித்துக் காட்டியதைக் கேட்டேன், அத்தனையும் உண்மை. இதில் அடிக்க வேண்டிய வரி ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) கூ. பிச்சையம்மாள்